மரச்சிட்டுக்கு எந்த ஃபீடர்? செயின்ட் லூயிஸ் வட்டாரக் கொல்லைப்புறங்களுக்கு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸிலும் செயின்ட் சார்ல்ஸிலும் மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில் இலினாய் பக்கமும் குடியிருப்பவர்கள், பறவைகளுக்குத் தீனி வைக்கும் ஃபீடர் வாங்கப் போகும்போது ஒரே கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள். மரச்சிட்டு வர வேண்டும். ஆனால் சிட்டுக்குருவிக் கூட்டம் வந்து காலையிலேயே எல்லாத் தானியத்தையும் காலி செய்துவிடக் கூடாது. அதற்குக் குழாய் ஃபீடர் நல்லதா, கூரை ஃபீடரா, தாழ்வான தட்டா, கூண்டு போட்டதா?

முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்த இரண்டு குருவிகளையும் பிரித்துவிடும் ஃபீடர் எதுவும் கடையில் இல்லை. இரண்டும் ஒரே தானியத்தைத் தின்பவை, ஒரே மாதிரி தரையில் கொத்துபவை. உருவத்தில் மரச்சிட்டு கொஞ்சம் சிறியதுதான்; கம்பி வலைக் கண்ணில் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அந்த வித்தியாசம் போதாது. ஆகவே எந்த ஃபீடர் சிட்டுக்குருவியைத் தடுக்கும் என்று தேடுவதில் பயனில்லை. சிட்டுக்குருவி எவ்வளவு வந்தாலும் மரச்சிட்டுக்கும் இடம் கிடைக்கிறதா, செலவு கட்டுக்குள் நிற்கிறதா, மற்ற உள்ளூர்ப் பறவைகளுக்குக் கேடு வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வு எளிதாகிவிடும்.

## யார் இந்த மரச்சிட்டு

யூரேசியன் ட்ரீ ஸ்பேரோ என்று பட்டியல்களில் வரும் பறவை இது. 1870இல் ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்ட, இருபது பறவைகளுக்குள் அடங்கும் ஒரு சிறு கூட்டம் செயின்ட் லூயிஸின் லஃபாயெட் பூங்காவில் விடப்பட்டது. சில ஆண்டுகள் நகரத்தில் தழைத்தது. பிறகு, 1850களிலேயே புரூக்ளினில் காலூன்றியிருந்த சிட்டுக்குருவி இந்த ஊருக்கும் வந்து சேர்ந்து, நகரின் நடுப்பகுதியிலிருந்து இதை ஓரத்துக்குத் தள்ளியது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் மரச்சிட்டின் வட்டாரம் கிழக்கு மிசௌரி, மேற்கு இலினாய், தென்கிழக்கு ஐயோவா என்ற எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் நிற்கிறது. நாடு முழுக்கப் பரவிய சிட்டுக்குருவியோடு ஒப்பிட்டால் இது ஆச்சரியமான அடக்கம். அமெரிக்காவில் பறவைப் பட்டியலை நிறைவு செய்ய நினைப்பவர்கள் இதற்காகவே விமானம் ஏறி இந்த ஊருக்கு வருகிறார்கள்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்தவர்களுக்கு இது பழகிய முகம். அங்கே உணவுக் கடை மேசைகளுக்கு அடியில் பருக்கை பொறுக்குவது இந்தக் குருவிதான். தமிழ்நாட்டு வீட்டுக் கூரையில் கூடு கட்டுவது மற்றது. நம் ஊரில் காணவில்லையே என்று ஏங்குகிற அதே சிட்டுக்குருவி இங்கே புளூபேர்ட் என்ற உள்ளூர் நீலப் பறவையின் கூட்டைக் கைப்பற்றும் பறவை. அதைப் பார்த்ததும் மனம் இளகுவது இயல்பு. ஆனால் மிசௌரியில் அதைப் பெருக்கிவிடுவது நல்ல காரியமல்ல.

அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். மரச்சிட்டின் உச்சந்தலை முழுதும் காப்பிக்கொட்டைப் பழுப்பு. வெள்ளைக் கன்னத்தின் நடுவே ஒரு கறுப்புப் பொட்டு. கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் சிட்டுக்குருவிக்கு உச்சந்தலை சாம்பல் நிறம், கன்னத்தில் பொட்டு கிடையாது, மார்பில் அகலமான கறுப்பு. பெண் சிட்டுக்குருவி மங்கலான பழுப்பு, கண்ணுக்குப் பின்னால் வெளிர் கோடு. மரச்சிட்டுக் குஞ்சுகளின் கன்னப் பொட்டு வெளிறியிருக்கும் என்பதால் ஜூன், ஜூலையில் குழப்பம் வரும். இரண்டும் கலந்த கலப்பினமும் அரிதாக உண்டு. குளிர்காலத்தில் வேறொரு குழப்பம்: வடக்கிலிருந்து வரும் அமெரிக்கன் ட்ரீ ஸ்பேரோ. பெயர்தான் ஒற்றுமை. அதற்குச் செம்பழுப்புத் தலை, மார்பின் நடுவில் ஒரு புள்ளி, இரு நிற அலகு. கன்னப் பொட்டு இல்லை. அது இந்த மண்ணின் பறவை.

## எதை வைத்து எடைபோடுவது

மரச்சிட்டு அதில் இயல்பாக இறங்கித் தின்னுமா என்பது முதல் கேள்வி. கன்னப் பொட்டு தெரியும் அளவுக்கு நன்றாகப் பார்க்க முடிகிறதா என்பது இரண்டாவது. குழாயின் பின்பக்கம் தொங்கும் பறவையை எண்ணவே முடியாது. மூன்றாவது, சிட்டுக்குருவியும், கிராக்கிள், ஸ்டார்லிங் போன்ற முரட்டுப் பறவைகளும், அணிலும் எவ்வளவு தின்று தீர்க்கும் என்பது. நான்காவது, நோய். ஒரே இடத்தில் எச்சமும் தானியமும் கலந்தால் சால்மொனெல்லா வரும். ஒரே துளையில் முகம் உரசினால் கண் நோய் வரும். கடைசியாக, தினமும் நீங்கள் செலவிடத் தயாராக உள்ள நேரம். பெரும்பாலான ஃபீடர்கள் கொல்லையில் பாழாவது இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் வாங்கியதால்தான்.

## தாழ்வான தட்டு

மரச்சிட்டைப் பார்க்க வேண்டும் என்பதே முதல் நோக்கம் என்றால் இதுதான் எங்கள் முதல் தேர்வு. தரையில் கொத்தித் தின்னும் பறவைக்கு மிக இயல்பான ஏற்பாடு இது. பறவை முழுதாகக் கண்ணில் படும். கன்னமும் கழுத்துப் பட்டையும் தெளிவாகத் தெரியும்.

கடையில் வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். ஒன்றுக்கு இரண்டு அங்குல மரச்சட்டத்தில் 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் என்று ஒரு செவ்வகம் அடித்து, அடியில் ஜன்னலுக்குப் போடும் அலுமினிய வலையை இழுத்து ஆணியடியுங்கள். வலை தொய்யாமலிருக்க அதன் கீழே அரை அங்குலக் கண் கொண்ட தடித்த கம்பி வலை ஒன்று. நான்கு கால்கள், எட்டு முதல் பன்னிரண்டு அங்குல உயரம். பலகையை அடித்தளமாகப் போடாதீர்கள். துளை போட்டாலும் ஓரங்களில் நீர் தேங்கும், தட்டில் போடும் பனிவரகு (மில்லெட் என்று விற்கும் சிறுதானியம்) இரண்டே நாளில் புளிக்கும்.

வைக்கும் இடம் முக்கியம். அடர்ந்த புதரிலிருந்து பத்து அடி தூரம் சரி. அதைவிட நெருங்கினால் பூனை பதுங்கியிருந்து பாயும். வெகுதூரம் தள்ளினால் கூப்பர் வல்லூறு வரும்போது குருவிகளுக்கு ஓடி ஒளிய இடமிருக்காது. கண்ணாடி ஜன்னலிலிருந்து மூன்று அடிக்குள் வையுங்கள், இல்லையேல் முப்பது அடிக்கு அப்பால். இடைப்பட்ட தூரத்தில்தான் பறவை முழு வேகமெடுத்துக் கண்ணாடியில் மோதிச் சாகும்.

தட்டு தோற்பது பெரும்பாலும் அளவில். நிரப்பி வைத்தால் சிட்டுக்குருவி, கிராக்கிள், புறா எல்லாம் அதைத் தங்கள் இடமாக்கிக்கொள்ளும். காலையில் அரைக் கப், பிற்பகலில் இன்னொரு அரைக் கப், அதற்கு மேல் வேண்டாம். சாயங்காலம் தட்டு காலியாக இருக்க வேண்டும். மீந்ததைக் கொட்டிவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள். இரவில் வெளியே கிடக்கும் தானியம் எலிக்கும் ரக்கூனுக்கும்தான் விருந்து, எலி வந்தால் அக்கம்பக்கத்துப் புகாரும் பின்னாலேயே வரும். மழை பெய்தால் அன்று தட்டு வேண்டாம்.

மறைந்த செலவு பணமல்ல, கவனம். வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். தினமும் வீட்டில் இருப்பவர்களுக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். வாரக் கடைசியில் மட்டும் கொல்லைக்குப் போகிறவர்களுக்குப் பொருந்தாது.

## குழாய் ஃபீடர்

பெரும்பாலோர் முதலில் வாங்குவது இதுதான். ஒரு பவுண்டு முதல் இரண்டு பவுண்டு வரை பிடிக்கும், தானியம் நனையாது, கம்பத்தில் தொங்கவிட்டால் எலிப் பயம் குறைவு. அடியில் ஒரு வட்டத் தட்டு இணைத்தால் மரச்சிட்டு அதில் வந்து அமரும். தட்டில்லாத குழாயின் குட்டைக் குச்சிகளில் தொங்குவது அதற்கு அவ்வளவு வசதியில்லை.

சிட்டுக்குருவியைத் தடுக்க அமரும் குச்சியை ஒரு அங்குலத்துக்கும் குறைவாக வெட்டுங்கள் என்ற பழைய யோசனை சுற்றிவருகிறது. வெட்டினால் சிட்டுக்குருவி கொஞ்சம் குறையும், உண்மைதான். மரச்சிட்டும் சேர்ந்து குறையும். சிக்கடீ, கோல்ட்ஃபிஞ்ச் என்ற சிறு உள்ளூர்ப் பறவைகள் மட்டும் போதுமென்பவர்கள் வெட்டலாம், மரச்சிட்டு வேண்டுமென்றால் வெட்டாதீர்கள்.

சூரியகாந்தி விதைக்கான துளையுள்ள குழாயில் பனிவரகு கலந்து போட்டால், சிறு தானியம் துளை வழியே வழிந்து தரையில் கொட்டும். பறவைகள் கீழே பொறுக்கும், நீங்கள் மேலே நிரப்பிக்கொண்டே இருப்பீர்கள், கீழே விழுந்தது முளைத்துப் புல்வெளியில் களையாகும். குழாயில் சூரியகாந்தி மட்டும் போடுங்கள். கறுப்புச் சூரியகாந்தித் தோல் குவிந்த இடத்தில் புல் பட்டுப்போகும் என்பதால் வாரம் ஒருமுறை கூட்டிவிட வேண்டும்.

நோய் பற்றி ஒரு வார்த்தை. 1994இல் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் ஹவுஸ் ஃபிஞ்ச் பறவைகளிடம் முதலில் தெரிந்து அமெரிக்காவின் கிழக்கு முழுதும் பரவிய கண் நோய்க்குக் குழாயின் துளைகள் நல்ல பாலம். நோயுற்ற பறவை முகத்தை நுழைத்த துளையில் அடுத்தது நுழைக்கும். கண் வீங்கி, இமை ஒட்டிய பறவை ஒன்று வந்தாலும் எல்லா ஃபீடரையும் இரண்டு வாரம் இறக்கிவிடுங்கள்.

## கூரை ஃபீடர்

வீடு போலக் கூரையும் கண்ணாடிச் சுவரும் கொண்டது. மூன்று முதல் ஆறு பவுண்டு பிடிக்கும், ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டாலும் ஓடும், இரு பக்க ஓரமும் அகலமாக இருப்பதால் மரச்சிட்டு தயங்காமல் அமரும். இதே வசதி சிட்டுக்குருவிக்கும் கிராக்கிளுக்கும் உண்டு என்பதுதான் சிக்கல். அண்டையில் குதிரைத் தொழுவம், மளிகைக் கடை வாகன நிறுத்தம், பழைய களஞ்சியம் என்று சிட்டுக்குருவி மண்டும் இடம் இருந்தால் இதை வாங்கவே வேண்டாம். மிசௌரி ஆற்றோரப் பண்ணை நிலங்களை ஒட்டிய, வீடுகள் தள்ளித்தள்ளி உள்ள பகுதியில் சிட்டுக்குருவி குறைவாகவும் மரச்சிட்டு சிறு கூட்டமாகவும் இருந்தால் நன்றாக வேலை செய்யும். மூலைகளில் விதை கட்டியாகி அழுகுவதுதான் இதன் பலவீனம். கழற்றிக் கழுவக்கூடிய அடித்தட்டு உள்ளதையே வாங்குங்கள்.

## கூண்டு போட்ட ஃபீடர்

குழாயைச் சுற்றி ஒன்றரை அங்குலக் கண் கொண்ட கம்பிக் கூண்டு. அணில், கிராக்கிள், ஸ்டார்லிங், புறா வெளியே நிற்கும். தானியச் செலவு வெகுவாகக் குறையும், அந்த வகையில் விலைக்கு ஈடு. ஆனால் இரண்டு சிட்டுகளும் கூண்டுக்குள் தடையின்றி நுழையும், கார்டினல் போன்ற சற்றுப் பெரிய உள்ளூர்ப் பறவை நுழையாது. மரச்சிட்டு கம்பிகளுக்குப் பின்னால் அமர்ந்தால் படம் எடுப்பதும் எண்ணுவதும் சிரமம். கிராக்கிள் தொல்லை தாங்க முடியாத இடத்தில் மட்டும் இதைச் சொல்வோம்.

| | தாழ்வான தட்டு | குழாய் (அடித்தட்டுடன்) | கூரை ஃபீடர் | கூண்டு |
|---|---|---|---|---|
| மரச்சிட்டு இறங்குமா | மிக எளிதாக | ஓரளவு | எளிதாக | ஓரளவு |
| பார்வைத் தெளிவு | மிக நன்று | நடுத்தரம் | நன்று | குறைவு |
| சிட்டுக்குருவி | அளவால் மட்டுமே கட்டுப்படும் | நடுத்தரம் | மிக அதிகம் | நுழையும் |
| கிராக்கிள், அணில் | வரும் | தடுப்பு வைத்தால் அணில் வராது | வரும் | வராது |
| கழுவ வேண்டியது | வாரம் ஒருமுறை | இரு வாரத்துக்கு ஒருமுறை | இரு வாரத்துக்கு ஒருமுறை | இரு வாரத்துக்கு ஒருமுறை |
| தினசரி வேலை | காலை, பிற்பகல், மாலை | அநேகமாக இல்லை | அநேகமாக இல்லை | அநேகமாக இல்லை |

எதைத் தேர்ந்தாலும் கழுவும் முறை ஒன்றே. சோப்பு நீரில் தேய்த்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, முற்றிலும் காய்ந்த பிறகே நிரப்ப வேண்டும். ஈரத்தோடு நிரப்பினால் கழுவியும் பயனில்லை. கம்பத்தில் தொங்குவதற்கு ஐந்து அடி உயரமும், மரத்திலிருந்தும் வேலியிலிருந்தும் பத்து அடி இடைவெளியும், கம்பத்தில் ஒரு கூம்புத் தடுப்பும் இருந்தால் அணில் ஏறாது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஏறிவிடும்.

## ஃபீடரைவிடத் தானியம் பெரிது

நான்கு ஃபீடர்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைவிட, அதில் போடுவதுதான் யார் வருவார்கள் என்பதை அதிகம் தீர்மானிக்கிறது. மரச்சிட்டுக்குப் பிடித்தது வெள்ளைப் பனிவரகு, அடுத்தது கறுப்புச் சூரியகாந்தி. பனிவரகு சூரியகாந்தியைவிட மலிவு, குளிர்காலத்தில் ஜங்கோவும் வெண்தொண்டைக் குருவியும் இதற்கு வரும். இந்தியக் கடையில் சமையலுக்கு விற்கும் பனிவரகு தோல் நீக்கியது. பறவைகள் தின்னும், ஆனால் விலை கூட, ஈரத்தில் சீக்கிரம் கெடும். தோலுடன் உள்ள பறவைத் தீவனமே சரி.

மலிவான கலவை மூட்டைகளில் பாதி சிவப்புச் சோளமும் கோதுமையுமாக இருக்கும். இந்தப் பக்கத்துச் சிறு பறவைகள் சோளத்தை உதறித் தள்ளிவிட்டுப் பனிவரகை மட்டும் பொறுக்கும். தரையில் கிடப்பதைப் புறாவும் எலியும் எடுத்துக்கொள்ளும். மூட்டை விலை குறைவாகத் தெரிந்தாலும் பறவை வாயில் போகும் தானியத்துக்குக் கணக்கிட்டால் அதுவே அதிக விலை. உடைத்த மக்காச்சோளம் வேண்டாம். கிராக்கிளை அழைக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அதன் நச்சு பறவையைக் கொல்லும். மீந்த சோறும் ரொட்டியும் வேண்டாம். நம் வீடுகளில் காக்கைக்குச் சோறு வைக்கும் பழக்கம் நல்ல பழக்கம்தான், ஆனால் மிசௌரியின் ஜூலைப் புழுக்கத்தில் திறந்த தட்டில் வைத்த சோறு மதியத்துக்குள் புளித்துவிடும்.

சிட்டுக்குருவி எல்லை மீறினால் பனிவரகை இரண்டு, மூன்று வாரம் நிறுத்திவிட்டுக் குசும்பா (சாஃப்ளவர்) விதைக்கு மாறுங்கள். கார்டினலும் சிக்கடீயும் தின்னும். சிட்டுக்குருவி, கிராக்கிள், ஸ்டார்லிங் பெரும்பாலும் விலகிப்போகும். பேயெள்ளும் (நைஜர்) அப்படியே, கோல்ட்ஃபிஞ்சுக்கு மட்டும். அந்தச் சில வாரம் மரச்சிட்டும் வராது. அதற்கு மனம் தயாராக இருக்க வேண்டும்.

## கூட்டுப் பெட்டி வைக்கலாமா

இரண்டு சிட்டுகளையும் உண்மையில் பிரிக்கும் ஒரே அளவு கூட்டுப் பெட்டியின் துளையில் உள்ளது. ஒன்றேகால் அங்குலத் துளையில் சிட்டுக்குருவி நுழைந்துவிடும். ஒன்று, எட்டில் ஒரு பங்கு அங்குலத்தில், அதாவது 28 மில்லிமீட்டரில், மரச்சிட்டு நுழையும், சிட்டுக்குருவி நுழையாது. அப்படியென்றால் பெட்டி வைத்து மரச்சிட்டை நிலைநிறுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு.

வேண்டாம் என்பதே எங்கள் பதில். அதே 28 மில்லிமீட்டர் துளைதான் சிக்கடீ, ரென் போன்ற சிறு உள்ளூர்ப் பறவைகளுக்கும் வேண்டும். மரச்சிட்டு மென்மையான பறவைதான், ஆனால் பொந்துக்குப் போட்டி போடும் அந்நியப் பறவை. மிசௌரியின் மாநிலப் பறவையான புளூபேர்டுக்கு வைக்கும் ஒன்றரை அங்குலத் துளையிலோ இரண்டு சிட்டுகளுமே நுழையும். தீவனம் கொடுத்து ரசிப்பது வேறு, உள்ளூர்ப் பறவையின் பொந்தைத் தூக்கிக் கொடுப்பது வேறு.

சிக்கடீக்காகப் பெட்டி வைத்தால் ஏப்ரலிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். அடியில் பாசி மெத்தை இருந்தால் சிக்கடீ. குச்சிகள் நிறைந்திருந்தால் ரென். காய்ந்த புல்லும் இறகும் பெட்டி முழுக்கத் திணித்திருந்தால் சிட்டு. உள்ளூர்ப் பறவையின் முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது 1918ஆம் ஆண்டு வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டப்படி குற்றம். இரண்டு சிட்டுகளுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே எது யாருடைய கூடு என்று உறுதியாகத் தெரியும் வரை கை வைக்காதீர்கள்.

## யாருக்கு எது

வீட்டிலேயே இருக்கிறீர்கள், புதரும் புல்வெளியும் உண்டு, மரச்சிட்டு ஏற்கெனவே அக்கம்பக்கத்தில் தெரிகிறது என்றால் தட்டும் பனிவரகும். வேலைக்குப் போய் மாலையில் திரும்புபவர்களுக்கு அடித்தட்டு வைத்த குழாயும் சூரியகாந்தியும். சனி, ஞாயிறு காலையில் மட்டும் தட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த இரட்டை ஏற்பாடு கணக்கெடுப்புக்கும் ஒத்துவரும். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் பேர்ட்ஸ் கனடாவும் நடத்தும் ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அடுத்தடுத்த இரு நாள் எண்ணச் சொல்கிறது. ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். வந்து போனதையெல்லாம் கூட்டினால் ஒரே பறவை பத்தாகிவிடும். அமெரிக்காவில் மரச்சிட்டின் மொத்த வட்டாரமே சிறியது என்பதால், அதன் ஓர எல்லையில் உள்ள ஒரு கொல்லைப்புறக் கணக்கும் பயனுள்ளது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள் என்றால் முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். பல இடங்களில் பால்கனி ஃபீடருக்கு அனுமதி இல்லை, கீழ்வீட்டுக்காரர் தலையில் தோல் விழும் என்பதால் அது நியாயமும்கூட. அப்படிப்பட்டவர்களுக்கும், மரச்சிட்டு வட்டாரத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்கும், ஃபீடர் வாங்காமலிருப்பதே சரியான தேர்வு. மேற்கு ஆல்ட்டனில் மிசிசிப்பி ஓரமாக உள்ள ரிவர்லேண்ட்ஸ் பறவைச் சரணாலயத்துக்குப் போங்கள். அங்கே மரச்சிட்டு வழக்கமாகத் தென்படும். குளிர்காலக் காலை நல்ல நேரம், குருவிகள் கூட்டமாகத் திரிவதும் பசியோடு இறங்குவதும் அப்போதுதான். கூட்டத்தில் முதலில் கண்ணில் படுவது சிட்டுக்குருவியாக இருந்தால் திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு கன்னமாகப் பார்த்துக்கொண்டே போங்கள்.